மழைக்காலத்தில் பள்ளியைத் திறந்தபோது

2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டன. எங்களுடையது கிராமத்து நடுநிலைப் பள்ளி. கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் மூடியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றுதான் முதன்முதலாக வகுப்பறையில் கால் வைத்தார்கள். தொற்றுத் தடுப்புப் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

வகுப்புக்கு 20 பேர், மிஞ்சினால் சுழற்சி முறை, முகக்கவசம், வாசலில் வெப்பமானி, கைகழுவ சோப்பு என்று அரசின் நெறிமுறைகள் தெளிவாகவே இருந்தன. ஆனால் ஊரார் கண்ணெல்லாம் வெப்பமானி மேலும் கிருமிநாசினித் தெளிப்பு மேலும்தான். காய்ச்சலே இல்லாமல் தொற்றோடு நடமாடும் பிள்ளைகளை நெற்றியில் காட்டும் வெப்பமானி எப்படிப் பிடிக்கும்? கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகவே பரவுகிறது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. பெஞ்சைத் துடைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இருக்கிற ஆட்களையும் நேரத்தையும் முதலில் காற்றோட்டத்துக்குச் செலவிடுவோம் என்று பிடிவாதமாக நின்றேன்.

ஒன்றரை ஆண்டு பூட்டிக் கிடந்ததில் ஜன்னல் கீல்கள் துருப்பிடித்து, மரம் உப்பி, பல ஜன்னல்கள் அசையவே மறுத்தன. ஊர்த் தச்சரை அழைத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி கூலியைத் தன் கையிலிருந்தே கொடுத்தார். பிறகு ஒவ்வோர் அறையிலும் ஊதுபத்தி கொளுத்தி வைத்துப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். எதிரெதிர் ஜன்னல்கள் இருந்த அறைகளில் புகை சட்டென்று வெளியேறியது. மூன்றாம் வகுப்பில் பின்பக்க ஜன்னலை ஓர் இரும்பு அலமாரி அடைத்திருந்தது. அந்த மூலையில் புகை அப்படியே சுற்றிக்கொண்டு நின்றது. மின்விசிறியைப் போட்டால் அறை முழுக்கப் பரவியதே தவிர வெளியே போகவில்லை. தொற்றுள்ள பிள்ளையின் மூச்சும் இப்படித்தானே நிற்கும்! அன்றே நாலு பேராகச் சேர்ந்து அலமாரியை நகர்த்தினோம்.

அந்த நவம்பரில் மழை கொட்டித் தீர்த்தது. சாரல் அடிக்கிறது என்று பிள்ளைகளே ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். மழை அடிக்கும் பக்கத்தை மட்டும் சாத்தி, தாழ்வாரப் பக்கத்தைத் திறந்தே வைத்தோம். சத்துணவு நேரம் எனக்குப் பெரிய கவலை. முகக்கவசம் இருக்காது, பேச்சு மட்டும் இருக்கும். எனவே திறந்த தாழ்வாரத்தில், எல்லோரும் ஒரே திசை பார்த்து உட்கார, வகுப்புவாரியாக இரண்டு பந்தி. சமையல் அக்காவுக்கு வேலை கூடியது. அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

கழிப்பறைத் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. டெங்கு கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் தவறாமல் சுவரைத் தேய்த்துக் கழுவினோம்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது, உடம்பு சரியில்லாத பிள்ளையை வீட்டில் இருக்கவைப்பது. ஒரு தாய் மூக்கு ஒழுகும் மகனோடு வந்து நின்றார். “நூறு நாள் வேலைக்குப் போகணும் டீச்சர், இவனை யாரிடம் விடுவேன்?” என்றார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. தெருவாரியாகப் பெற்றோரைக் கூட்டிப் பேசினோம். அந்தந்தத் தெருவில் வீட்டோடு இருக்கும் பாட்டிமார் சிலர் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொள்ள முன்வந்தார்கள். வருகை கட்டாயமில்லை என்று அரசே சொல்லியிருந்ததைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னோம். வீட்டுப்பாடத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டுபோய்க் கொடுத்தது. சளி பிடித்த பிள்ளையைக் ‘கொரோனா’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்க அதைப் பற்றியே பேசினேன். அந்தப் பயம் போன பிறகுதான் பெற்றோர் மறைக்காமல் போன் செய்து சொல்லத் தொடங்கினார்கள்.

ஒமைக்ரான் அலைக்குப் பின் 2022 பிப்ரவரி 1 அன்று மறுபடி திறந்தபோது இந்த ஏற்பாடு அப்படியே கைகொடுத்தது. இன்று சின்னம்மைக்கும் அதே முறைதான்: கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பிள்ளை வீட்டில், பாடம் அங்கே போய்ச் சேரும். புதிய வகுப்பறைக்கு அளவெடுக்க வந்தவர்களிடம் எதிரெதிர் ஜன்னல்கள் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.