சோபா வாசல் நிலையில் சிக்கினால்

முதலில் தள்ளுவதை நிறுத்துங்க. தள்ளத் தள்ள துணிதான் கிழியும். நிலையின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. கதவு 90 டிகிரி திறந்து நிற்கும்போது மிஞ்சும் இடைவெளிதான் கணக்கு. கதவைக் கீலோடு கழற்றினால் பலகையின் கனம், ஒரு 3–4 செ.மீ., கூடுதலாகக் கிடைக்கும். சோபா கால்கள் பெரும்பாலும் திருகுதான், அதையும் கழற்றிடுங்க.

அப்புறம் ஒரு கைப்பிடி தரையில் படும்படி செங்குத்தாக நிறுத்துங்க. சாய்மானத்தை முதலில் நுழைத்து, இருக்கையை நிலையைச் சுற்றிக் கொக்கி மாதிரி திருப்பினால் உள்ளே வந்துடும்.

பீரோவில் ஏமாறுவது வேற இடம். படுக்க வைத்துக் கொண்டுபோய் அறைக்குள் நிமிர்த்தும்போது மூலைவிட்டம் கூரையில் இடிக்கும். 210 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழம்னா, நிமிர்த்தவே 219 செ.மீ. வேணும். மின்விசிறி இறக்கையையும் பார்த்துக்கோங்க.