ஐந்தாம் மாத ஸ்கேனில் வயிற்றுப் பிள்ளைக்குக் கழுத்துக் கட்டி என்று வந்தால்

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது 'கேன்சரா?' என்றுதான். பிறக்கும்போதே கழுத்தில் வரும் டெரட்டோமா (பலவகைத் திசுக்கள் கலந்த கட்டி), நிணநீர்க் கட்டி (நீர் நிறைந்த பை போன்றது) போன்றவை பெரும்பாலும் புற்று இல்லை. ஆனாலும் மூச்சுக்குழாயை அழுத்தினால் பிறந்த சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். அதனால் டாக்டரிடம் முதலில் மூச்சுவழியைப் பற்றிக் கேளுங்கள். பனிக்குட நீர் அதிகம் என்று எழுதியிருந்தால் அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். தொண்டை அடைபட்டு பிள்ளையால் நீரை விழுங்க முடியாமல் இருக்கலாம். கர்ப்பத்திலேயே எடுக்கும் எம்ஆர்ஐயில் மூச்சுக்குழாய் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று தெரியும்.

நாகர்கோவில் பக்கம் இருப்பவர்கள், வலி வந்த பிறகு தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைத் தாண்டி திருவனந்தபுரம் போய்ச் சேரலாம் என்று இருந்துவிடாதீர்கள். நீர் அதிகமானால் மாதம் நிறையும் முன்பே வலி வரலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ திருவனந்தபுரமோ, 'எக்ஸிட்' (மூச்சுவழியை உறுதிசெய்த பிறகே தொப்புள்கொடியை வெட்டும்) முறையில் பிரசவம் பார்க்கும் குழு எங்கே இருக்கிறது என்று விசாரித்து, முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கேரள எல்லை தாண்டிச் செல்லுமா என்பதையும் அந்த ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வையுங்கள்.

எக்ஸிட் என்பது சிசேரியன்தான். தலையையும் தோளையும் மட்டும் வெளியே எடுத்து, நஞ்சுக்கொடி வழியாக ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சுக்குழாயில் 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் குழாயை இறக்குவார்கள். இறங்காவிட்டால் கழுத்தில் துளையிடுவார்கள். மூச்சு உறுதியான பிறகே தொப்புள்கொடியை வெட்டுவார்கள். கர்ப்பப்பை தளர ஆழ்ந்த மயக்கம் கொடுப்பதால் அம்மாவுக்கு ரத்தப்போக்கு கூடும். ரத்தத்துக்கு ஆள் தயாராக இருக்கட்டும்.

டெரட்டோமாவை எடுத்த பிறகு, கட்டி திரும்புகிறதா என்று பார்க்கும் ஏஎஃப்பி ரத்தச் சோதனை பலரைக் கலங்கடிக்கும். லேப் சீட்டில் அச்சாகியிருக்கும் நார்மல் பெரியவர்களுக்கானது. பிறந்த பிள்ளைக்குப் பல ஆயிரம் இருப்பதே இயல்பு. பெரியவர்களின் அளவுக்கு இறங்க சுமார் 8 மாதம் ஆகும். ஒவ்வொரு முறையும் குறைகிறதா என்று பாருங்கள், எல்லாச் சீட்டையும் ஒரே ஃபைலில் வையுங்கள். கட்டியோடு தைராய்டும் போயிருக்கலாம் என்பதால் தைராய்டு, கால்சியம் சோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

பிறந்து 2 முதல் 4 வாரத்தில் கழுத்தில் புளியங்கொட்டை மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டு, தலை அந்தப் பக்கமே சாய்ந்தால், அது பெரும்பாலும் கழுத்துத் தசையின் இறுக்கம், பிசியோதெரபியில் சரியாகும். ஆனால் ஸ்கேன் எடுக்காமல் சுளுக்கு என்று வர்ம ஆசானிடம் எண்ணெய் போட்டு உருவக் கொடுக்காதீர்கள். நிணநீர்க் கட்டியாக இருந்து, உள்ளே ரத்தம் கசிந்தால், ஒரே ராத்திரியில் வீங்கி மூச்சை அடைத்துவிடும்.