மொட்டைமாடி அறையும் யாழ்ப்பாண விவாகச் சான்றிதழும்: போர்த்துக்கலில் வீடு வாங்கிய கதை

வீட்டு உறுதி எழுதி முடிந்து சாவியும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஒல்யாவ் நகரத்தில் அந்தத் தரகர் எங்களை அவசரப்படுத்தியதை நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை. லண்டனில் எனக்குத் தெரிந்த சிலர் போர்த்துக்கலின் தெற்கே அல்கார்வ் கரையில் வீடு தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நாங்கள் வாங்கியது 2024இல். வீடு வாங்கினால் வதிவிட அனுமதி தரும் கோல்டன் விசா வழியை 2023 ஒக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் தங்கலாம், அவ்வளவுதான். நிஃப் எனப்படும் வரி இலக்கமும் வங்கிக் கணக்கும் சட்டத்தரணி மூலம் சிக்கலில்லாமல் கிடைத்தன.

முதலில் பிடித்த வீடு ஒல்யாவின் மீன் சந்தைக்குப் பின்னால், குறுகலான ஒழுங்கையில் இருந்தது. அந்த ஊரின் பழைய வீடுகளுக்கு அசொத்தேயா என்ற தட்டையான மொட்டைமாடி உண்டு. அங்கே நின்றால் ரியா ஃபொர்மோசா களப்பும் தீவுகளுக்குப் போகும் படகுகளும் தெரியும். இந்த வீட்டின் மொட்டைமாடியில் ஓர் அறையும் கட்டியிருந்தார்கள். விளம்பரத்தில் அது இரண்டாவது படுக்கையறை, விலையும் அந்தக் கணக்கில்தான்.

தரகர் அன்றைக்கே முற்பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வேறு ஆட்கள் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் முன்ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காவிட்டால் வீடு போய்விடும் என்றார். இந்த ஒப்பந்தத்தைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். கையெழுத்து வைத்தபின் வாங்குபவர் பின்வாங்கினால் முற்பணம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். விலையில் 10 சதவீதம் என்றாலே எங்களுக்குப் பல வருடச் சேமிப்பு.

எங்கள் சட்டத்தரணி கேட்டது இரண்டே தாள்கள். ஒன்று வரித் திணைக்களம் தருகிற சொத்து விபரப் பத்திரமான கதர்னேட்டா, மற்றது காணிப் பதிவகத்தின் பதிவுச் சான்றான செர்த்திதாவ். முதலாவதில் மேல் அறை இருந்தது, இரண்டாவதில் இல்லை. தரகரிடம் கேட்டால், "உரிமையாளர் அந்த அறைக்கும் சேர்த்து வரி கட்டுகிறார், பிறகென்ன?" என்கிறார். வரி கட்டுவதால் கட்டடம் சட்டப்படியானதாக ஆகிவிடாது. அதன் பிறகு, வீடு 1951க்கு முந்தியது, வீட்டைப் பாவிப்பதற்கான அனுமதிப் பத்திரமே தேவையில்லை என்றார். 2024 ஜனவரியிலிருந்து உறுதி எழுதும்போது அந்தப் பத்திரத்தை யாரும் கேட்பதும் இல்லையாம்.

இரண்டும் உண்மைதான். கவலை தருவதும் அதுதான். 1951 ஓகஸ்ட் 7க்கு முன் கட்டிய வீடுகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது பழைய வீட்டுக்கு மட்டும். சீமெந்துக் கல்லும் அலுமினிய யன்னலுமாக மேலே நின்ற அறை அந்தக் காலத்தது இல்லை என்பது பார்த்தவுடனேயே தெரியும். உறுதி எழுதும் நொத்தாரிசு கேட்கமாட்டார் என்பதற்காக நகரசபை கேட்காமல் இருந்துவிடாது. அறையை இடிக்கச் சொன்னால் அப்போது உரிமையாளர் நாங்கள். சட்டத்தரணி நகரசபை ஆவணக்காப்பகத்தில் கோப்பை எடுத்துப் பார்த்தார். அதில் இருந்த வரைபடத்தில் மொட்டைமாடி வெறுமையாகவே இருந்தது.

அறையைச் சட்டப்படி ஆக்கிய பிறகுதான் உறுதி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக் கேட்டோம். விற்பவர் மறுத்துவிட்டார். சரி, அந்த வீடு வேண்டாம் என்று விட்டோம். தரகர் பேசிய பேச்சை இங்கே எழுத விருப்பமில்லை. முற்பணமாக ஒரு சதமும் கொடுக்காமல் வெளியே வந்ததைப் பெரிய வெற்றியாகவே நினைக்கிறேன்.

பக்கத்து ஃபுசேட்டாவில் சிறிய வீடொன்று அமைந்தது. அதைக் குளிர்கால மழையில் போய்ப் பார்த்தோம். நீங்களும் குளிர்காலத்தில் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். வெயில் நாளில் வெள்ளை வெளேரென்று தெரிகிற சுவரில் அப்போதுதான் ஈரமும் பூஞ்சணமும் தெரியும், பல வீடுகளில் சூடாக்கும் வசதியும் கிடையாது. இந்த வீட்டில் இரண்டு தாள்களும் ஒத்துப்போயின. முன்ஒப்பந்தமும், நகரசபை விரும்பினால் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமைக்கான 10 வேலை நாட்களும் அமைதியாகக் கடந்தன. சொத்துக் கைமாறும்போது கட்டும் ஐ.எம்.டி. வரியையும் 0.8 சதவீத முத்திரை வரியையும் உறுதிக்கு முதலே கட்டிவிட்டோம்.

உறுதி நாளில்தான் அடுத்த அடி. நொத்தாரிசு அலுவலகத்தில் எழுதுவினைஞர் கடவுச்சீட்டுகளைப் புரட்டிவிட்டு, கணவன் மனைவிக்கிடையே என்ன சொத்து முறை என்று கேட்டார். போர்த்துக்கீச உறுதியில் மணமானவர்களுக்கு அதைக் கட்டாயம் எழுத வேண்டும். பிரித்தானியர்தானே, சொத்துப் பிரிவினை (அவரவர் சொத்து அவரவருக்கு) என்று போடுகிறேன் என்று தட்டச்சு செய்யவும் தொடங்கிவிட்டார். எங்கள் சட்டத்தரணி தடுத்தார். எங்கள் விடயத்தில், மணமாகும்போது இருவருக்கும் எந்த நாட்டுக் குடியுரிமை இருந்ததோ அந்த நாட்டுச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் அப்போது இலங்கையர், பதிவு யாழ்ப்பாணத்தில். அங்கே தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து வைத்த அந்த வழமையில், திருமண வாழ்வில் சேர்ந்த சொத்தாகிய தேடியதேட்டத்துக்குத் தனி விதிகள் உண்டு. போர்த்துக்கீசப் பட்டியலில் இருந்த எந்தப் பெட்டியிலும் அது அடங்கவில்லை.

"எழுத்தில் கொண்டுவாருங்கள்" என்று எழுதுவினைஞர் கோப்பை மூடிவிட்டார். இதை முதலே ஒரு மின்னஞ்சலில் கேட்டிருந்தால் விமானச் செலவு மிஞ்சியிருக்கும். கடவுச்சீட்டுப் பிரதிகள் வாரக்கணக்காக அவரிடம்தான் இருந்தன. விற்ற அம்மா பக்கத்து ஊரிலிருந்து மகனுடன் வந்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டது எங்கள் சட்டத்தரணிதான், அலுவலகத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

வழி லண்டனில் கிடைத்தது. ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க வைக்கும் சான்று முத்திரைதான் அப்போஸ்டில். இலங்கை அப்போது அந்த உடன்படிக்கையில் இல்லாதபடியால் எங்கள் விவாகச் சான்றிதழை நேரடியாக அந்த முத்திரைக்கு அனுப்ப முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் தேசவழமை பற்றி ஆங்கிலத்தில் கருத்துரை வாங்கினோம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் சான்றிதழை ஆங்கிலமாக்கினார். இரண்டையும் இணைத்து லண்டன் நொத்தாரிசு ஒரு பிரகடனம் தயாரித்தார், அதற்குப் பிரித்தானிய வெளியுறவு அலுவலகம் அப்போஸ்டில் கொடுத்தது. மனைவிக்கு மறுபடி விடுமுறை கிடைக்காது என்பதால் அவருக்குப் பதில் வேறொருவர் கையெழுத்திட அனுமதிக்கும் அற்றோர்னித் தத்துவத்தையும் அதே சந்திப்பிலேயே முடித்தோம். நீங்களும் இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள், செலவு குறையும்.

இரண்டாம் தடவை வேறு நொத்தாரிசு. உறுதியின் வரைவை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி வற்புறுத்தினோம். மனைவியின் தந்தை பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்ததை அதில்தான் கண்டுபிடித்தோம். நம்முடைய நீண்ட பெயர்களில் இது எளிதில் நடக்கும், பதிவுக்குப் போன பிறகு திருத்துவது தனி அலைச்சல். உறுதி நாளில் போர்த்துக்கீச மொழியில் உரக்க வாசித்தார்கள், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நான் வரைவோடு ஒப்பிட்டுக்கொண்டே போனேன். பதிவு முடிந்ததும் புதிய செர்த்திதாவை எடுத்து இரண்டு பெயர்களையும் கடவுச்சீட்டோடு வைத்துச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.