கார்பன் வரியைத் தோற்கடித்த பசுமைக்காரர்கள்

2016 நவம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் (தலைநகரம் இல்லை, சியாட்டில் இருக்கிற மாநிலம்) ஒரு கார்பன் வரி நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. முன்னெடுத்தவர் யோரம் பாமன் என்ற பொருளாதார நிபுணர், மேடையேறிப் பொருளாதார ஜோக் சொல்வதும் அவருக்கு ஒரு பிழைப்பு. திட்டம் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்ததுபோல அவ்வளவு சுத்தம். கரியமில வாயுவுக்கு டன்னுக்கு 15 டாலரில் தொடங்கி அடுத்த ஆண்டே 25 டாலர் வரி, அதில் வரும் பணத்தை அரசு வைத்துக்கொள்ளாமல் விற்பனை வரியில் ஒரு சதவீதப் புள்ளியைக் குறைக்கும், வருமானம் குறைந்த உழைக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 1,500 டாலர் வரை திருப்பிக் கொடுக்கும். அரசின் கை பெரிதாகக் கூடாது என்று நினைக்கும் வலதுசாரிகளுக்கும் பிடிக்கட்டும் என்றே இப்படி அமைத்தார்கள்.

ஏறத்தாழ 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இதில் எண்ணெய்க் கம்பெனிகள் பெரிதாக மெனக்கெடவே இல்லை. எதிர்த்தது அந்த மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி. அமெரிக்காவின் பழைய சுற்றுச்சூழல் அமைப்புகளில் ஒன்றான சியரா கிளப் ஆதரவு தர மறுத்தது. வரிப் பணத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டால் பஸ்ஸும் சோலாரும் யார் போடுவது, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் புகையைச் சுவாசித்துக்கொண்டிருக்கும் ஏழைகளுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். சரி என்று 2018இல் அவர்கள் விருப்பப்படியே இன்னொரு திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது, கட்டணம் வாங்கி அதைப் பசுமைத் திட்டங்களில் போடுவதாக. இந்த முறை எண்ணெய்த் துறை விழித்துக்கொண்டு 3 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. அதுவும் தோற்றது.

சுற்றுச்சூழல் அரசியலை இடது வலது என்று பிரித்துப் பேசுவதால் பெரிய பிரயோஜனம் இல்லை என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யார் பணம் கட்டுவது, அது யார் கைக்குப் போகிறது, பழைய வழியை விட்டவனுக்குப் புது வழி ஏதாவது இருக்கிறதா, இதை வைத்துத்தான் எல்லாம் நிற்கிறது அல்லது விழுகிறது. கொள்கைப் பெயர்களெல்லாம் அதற்கு மேல் ஒட்டிய லேபிள்.

லேபிள் எவ்வளவு சுலபமாகக் கழன்று விழும் என்பதற்கு ஒரு கதை. அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடைக் குறைக்க, மொத்த வெளியேற்றத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்து, அதற்குள் மின்நிலையங்கள் அனுமதிச் சீட்டுகளை வாங்கி விற்றுக்கொள்ளலாம் என்று 1990இல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் புஷ், அதாவது அப்பா புஷ். எதிர்பார்த்ததைவிட மலிவாக அமில மழை குறைந்தது. அதே ஏற்பாட்டை 2009இல் ஜனநாயகக் கட்சியினர் கார்பனுக்குக் கொண்டுவந்தபோது கீழவையில் 219க்கு 212 என்று தப்பித் தவறிப் பாஸானது, செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. தங்கள் கட்சி பெற்ற பிள்ளையையே குடியரசுக் கட்சிக்காரர்கள் அதற்குள் மக்கள்மேல் சுமத்தும் வரி என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கார்பனுக்கு விலை வைத்தால் போதும், மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் எப்போதும் ஸ்வீடனைக் காட்டுவார்கள். 1991இலிருந்து அங்கே கார்பன் வரி, இப்போது டன்னுக்கு 100 யூரோவுக்கு மேல், பெரிய கலவரம் எதுவும் வெடிக்கவில்லை. பிரான்ஸில் 2018இல் 44.60 யூரோதான், அதை எதிர்த்து மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தவர்கள் நாட்டையே நிறுத்திவிட்டார்கள், 55 யூரோவாக ஏற்றுவதாக இருந்ததை அரசு கைவிட்டது. ஸ்வீடன்காரர்கள் தியாகிகள், பிரெஞ்சுக்காரர்கள் சண்டைக்காரர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது சோம்பேறித்தனம். ஸ்வீடனில் வரி வந்தபோது கூடவே வருமான வரியைக் குறைத்தார்கள், நகரங்களில் பொதுக் கொதிகலனிலிருந்து குழாய் வழியாக வீடுகளுக்குச் சூடு வரும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது, அந்தக் கொதிகலனில் எண்ணெய்க்குப் பதிலாக மரக்கழிவு எரிக்க ஆரம்பித்தால் போதும், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனியாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. பிரான்ஸில், அதுவரை டீசல் கார் வாங்குங்கள் என்று வரிச்சலுகை கொடுத்தே பழக்கிவிட்டு, பஸ் வராத ஊர்களில் இருப்பவர்களிடம் போய் டீசலுக்குக் கூடுதலாகக் கட்டு என்றார்கள். அதே ஆண்டு பணக்காரர்களின் சொத்து வரியை எடுத்துவிட்டு, அசையாச் சொத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

கனடா இன்னும் வேதனை. வசூலித்ததில் 90 சதவீதம் அளவுக்குக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் முதலில் அது வருமான வரிக் கணக்கோடு கலந்து வந்தது, 2022இலிருந்துதான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேராக வங்கிக் கணக்கில் விழுந்தது, அதுவும் என்ன பணம் என்று பலருக்குப் புரியாத பெயரில். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் வரி கண்ணில் குத்துகிறது, திரும்பி வந்தது மட்டும் தெரியவில்லை. கடைசியில் 2025 ஏப்ரல் 1இலிருந்து நுகர்வோர் மேலிருந்த வரியைப் பூஜ்யமாக்கியவர் புதிதாகப் பிரதமரான மார்க் கார்னி, மத்திய வங்கி ஆளுநராக இருந்து பருவநிலை அபாயத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்த அதே கார்னி. தொழிற்சாலைகள் மேலிருந்த கார்பன் விலையை அன்று அவர் தொடவில்லை, அதை எதிர்த்து அந்த அளவுக்குக் கோஷம் எழவுமில்லை.

விலையை நம்பாமல் நேரடியாகப் பணம் போட்டுக் கட்டு என்பவர்களின் கையில் இருக்கும் துருப்புச்சீட்டு ஜெர்மனி. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில், சூரிய மின்சாரம் தந்தால் 20 ஆண்டுகளுக்கு உத்தரவாதமான விலை என்றார்கள். அதற்கான செலவு வீட்டு மின்கட்டணத்தில் ஏறியது, 2017இல் யூனிட்டுக்கு 6.88 சென்ட், ஒருவழியாக 2022இல்தான் அந்தக் கூடுதல் கட்டணம் போனது. இத்தனைக்கும் ஜெர்மனி வெயில் நாடு இல்லை, அன்றைய கணக்குப்படி இது வீண் செலவு. ஆனால் அந்தக் கிராக்கியை நம்பித்தான் உற்பத்தி பெருகியது, சீனத் தொழிற்சாலைகள் பெரிய அளவில் இறங்கின, பேனல் விலை பாதாளத்துக்குப் போனது. ஜெர்மன் குடும்பங்கள் கட்டிய கரண்ட் பில்லில் உலகம் முழுக்க சோலார் மலிவானது என்று சொன்னால் அது பெரிய மிகையில்லை. (அரசு தலையிடாமல் அணுமின்சாரத்தால் எல்லாம் சரியாகும் என்கிற வலதுசாரி நண்பர்களுக்கு ஒரு தகவல்: பிரான்ஸின் அணு உலைகள் 1974இல் அரசு உட்கார்ந்து திட்டம் போட்டு, அரசு நிறுவனம் கட்டியவை.)

தடை போடு என்பது இன்னொரு கட்சி. ஓசோன் படலத்தைக் கெடுத்த ரசாயனங்களை 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டது, ஏனென்றால் மாற்று ரசாயனம் தயாராகிக்கொண்டிருந்தது. 2021இல் இலங்கை அரசு ரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியது, மாற்று கையில் இல்லை, நெல்லும் தேயிலையும் அடிவாங்கின, அந்த ஆண்டு நவம்பருக்குள் தடை போயே போனது. தடை என்ற ஆயுதத்தில் கோளாறு இல்லை. விவசாயி அந்தப் போகத்துக்கு எதைத் தூவுவான் என்று யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வாஷிங்டன் மாநிலக் கதையில் மூன்றாம் பாகமும் உண்டு. 2021இல் சட்டமன்றமே கார்பன் வெளியேற்றத்துக்கு உச்சவரம்பும் அனுமதிச் சீட்டுகளுக்கு ஏலமும் வைத்து ஒரு சட்டம் போட்டது, 2023இல் அமலுக்கு வந்தது, பெட்ரோல் விலை ஏறியது, ரத்து செய்யச் சொல்லி 2024இல் மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை சுமார் 62 சதவீதம் பேர் சட்டம் இருக்கட்டும் என்றார்கள். ஏலப் பணத்தில் 18 வயது வரையுள்ளவர்களுக்கு பஸ் இலவசம் என்பது கண்ணுக்குத் தெரிந்த பலன், வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு நடுத்தர, ஏழைக் குடும்பங்களின் மின்கட்டணத்தில் 200 டாலர் கழிக்கப்பட்டது. இது தேர்தல் லஞ்சம் என்று எதிர்த்தரப்பு கத்தியது. எனக்கென்னவோ கனடா செய்யத் தவறியதை இவர்கள் செய்தார்கள் என்றுதான் படுகிறது.

ஆனால் பணம் கண்ணில் தெரிந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க அதிபராக இருந்த பைடனின் 2022 சட்டம் பசுமைத் தொழில்களுக்கு மானியமாகவே கொட்டியது, பேட்டரி, சோலார் தொழிற்சாலைகளில் பெரும்பகுதி குடியரசுக் கட்சித் தொகுதிகளுக்கே போனது, தொழிற்சாலை வந்துவிட்டால் அவர்களே சட்டத்தைக் காப்பார்கள் என்பது கணக்கு. 2024 ஆகஸ்டில் அந்தக் கட்சியின் 18 கீழவை உறுப்பினர்கள் சலுகைகளை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள் என்று கடிதமே எழுதினார்கள். 2025 ஜூலையில் சலுகைகளை வெட்டும் மசோதா வந்தபோது, அவர்களில் அவையில் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் அதற்கே கை தூக்கினார்கள். கம்பெனிக்குப் போகும் வரிச்சலுகை வாக்காளருக்குத் தன் பணமாகத் தெரிவதில்லை என்பது என் ஊகம். தங்கள் தலைவர் டிரம்பைப் பகைத்துக்கொள்ளும் பயமும் இருந்திருக்கும்.

இந்த மொத்தச் சண்டைக்கும் வெளியே நின்று, வளர்ச்சியே பிரச்சினை, குறைத்துக்கொள்ளுங்கள் என்பவர்கள் இருக்கிறார்கள். எதற்காக இவ்வளவு உற்பத்தி என்று கேட்க வேறு யாருக்கும் துணிவில்லை, அதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆனால் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020இல்கூட கரியமில வாயு வெளியேற்றம் சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது. நிலக்கரி மின்நிலையம் நிலக்கரி மின்நிலையமாகவே இருக்கும்வரை, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்து நான் கவனிக்கப்போவது ஐரோப்பிய ஒன்றியத்தை. வீட்டுச் சூடாக்கலுக்கும் வாகன எரிபொருளுக்கும் கார்பன் விலை வைப்பது 2027இல் தொடங்குவதாக இருந்தது, ஓராண்டு தள்ளிப்போட முடிவு செய்திருக்கிறார்கள். ஏழைக் குடும்பங்களுக்கென்று தனி நிதியும் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் பழைய பாய்லரை மாற்றித் தரும் ஆள் முதலில் வருகிறாரா, ஏறிய பில் முதலில் வருகிறதா என்பதை வைத்தே எத்தனை தலைநகரங்களில் ஆட்சி மாறும் என்று சொல்லிவிடலாம்.