பேஸ் கிளாஸுக்குத் தெரியாத டைப்

ஜாவாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: ஜெனரிக் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்குள் ‘நியூ டி’ என்று எழுதினால் கம்பைலர் ஏன் ஏற்க மறுக்கிறது? (டி என்பது, எந்த டைப் என்று பிறகு சொல்லப்போகும் இடத்தில் நிற்கும் பெயர்.)

2004-ல் ஜாவா 5-ல் ஜெனரிக்ஸ் வந்தபோது, பழைய புரோகிராம்கள் உடையாமல் இருக்க டைப் எரேஷர், அதாவது டைப் விவரத்தை அழித்துவிடுவது, என்ற வழியை எடுத்தார்கள். கம்பைல் ஆனதும் டி மறைந்துவிடும். எதை உருவாக்குவது என்று ரன்டைமில் பேஸ் கிளாஸுக்கு, அதாவது மற்ற கிளாஸ்கள் நீட்டும் அந்த அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கு, தெரியாது. சி ஷார்ப்பில் டைப் அழிவதில்லை. நியூ கன்ஸ்ட்ரெயின்ட் (ஆர்க்யுமென்ட் இல்லாமல் நியூ போட முடிந்த டைப்தான் வேண்டும் என்ற நிபந்தனை) போட்டால் உருவாக்கலாம். ஆனால் ஆர்க்யுமென்ட் கேட்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு அது உதவாது.

நான் பார்த்த ஒரு புராஜெக்டில் கோப்பை வரிவரியாகப் படித்து ரெக்கார்டு உருவாக்கும் பேஸ் கிளாஸ் ஒன்று இருந்தது. அதன் கன்ஸ்ட்ரக்டர், ரிஃப்ளெக்ஷனில் (ஓடும்போதே கிளாஸின் விவரங்களைப் படிக்கும் வசதி) கெட்ஜெனரிக்சூப்பர்கிளாஸை அழைத்து டி எது என்று தோண்டி எடுத்தது. இது நடக்கிற காரியம்தான். ‘ஆர்டர்ரீடர் எக்ஸ்டெண்ட்ஸ் ரீடர்<ஆர்டர்>’ என்று எழுதும்போது அந்த ஆர்டர் என்ற விவரம் கிளாஸ் ஃபைலிலேயே தங்கிவிடுகிறது. எரேஷர் அதைத் தொடுவதில்லை. ஜேசன் லைப்ரரிகளான ஜிசானின் டைப்டோக்கனும் ஜாக்சனின் டைப்ரெஃபரன்ஸும் இதை நம்பித்தான் நிற்கின்றன. அவற்றின் பின்னால் நாம் போடும் வெற்று அடைப்பு, பெயரில்லாத ஒரு சப்கிளாஸ். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

அப்புறம் ஒருநாள், ஆர்டர்ரீடரையே நீட்டி ஏற்றுமதி ஆர்டருக்கு இன்னொரு சப்கிளாஸ் வந்தது. இப்போது நேர் மேலே இருப்பது ஆர்டர்ரீடர், அதற்கு டைப் ஆர்க்யுமென்ட் கிடையாது. பேஸ் கிளாஸ் அதை, டைப் ஆர்க்யுமென்ட் உண்டு என்று நம்பி, பாராமீட்டரைஸ்டு டைப்புக்கு காஸ்ட் செய்ய, கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் வந்தது. கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை.

ரிஃப்ளெக்ஷனை எடுத்துவிட்டு, ‘புதிய ரெக்கார்டு கொடு’ என்று ஒரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் வைத்தோம். ஒவ்வொரு சப்கிளாஸிலும் ஒரே வரி: ரிட்டர்ன் நியூ ஆர்டர். ரீடரை நேராக நீட்டும் கிளாஸில் மறந்தால் கம்பைலே ஆகாது. இது எழுத்தைக் கூட்டுகிறது என்பார்கள். கூட்டட்டும், தவறு கம்பைலரிடமே பிடிபடுவது எனக்கு அதைவிட முக்கியம். டைப்பைச் சொல்ல மட்டுமே சப்கிளாஸ் இருக்கிறது என்றால் அதுவும் வேண்டாம், ஜாவா 8-லிருந்து சப்ளையர் (கேட்டால் ஒரு ஆப்ஜெக்டைத் தரும் இன்டர்ஃபேஸ்) போதும். ரீடரைச் சாதாரண கிளாஸாக்கி, கன்ஸ்ட்ரக்டருக்கு ஆர்டரின் நியூ ரெஃபரன்ஸை (ஆர்டர்::நியூ) கொடுத்தால் சரி.

அந்த அப்ஸ்ட்ராக்ட் மெத்தடை பேஸ் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து அழைக்கக் கூடாது. சப்கிளாஸின் ஃபீல்டுகளுக்கு அப்போது இன்னும் மதிப்பு வந்திருக்காது. கனெக்ஷனை வைத்து ரெக்கார்டு உருவாக்கும் சப்கிளாஸாக இருந்தால், அதன் கையில் இருப்பது ‘null’ (எதுவும் இல்லை) மட்டும்தான். முதல் வரியைப் படிக்கும்போது அழைத்தால் இந்தச் சிக்கலே வராது.