பெற்றோரின் பெயரை நீக்கிய திருத்தத் தாக்கல்

2024 அக்டோபரில், பெற்றோரை வருமான வரித் தாக்கலில் டிபென்டன்ட், அதாவது நம்மைச் சார்ந்திருப்பவர், என்று எப்படிக் காட்டுவது என அமெரிக்காவின் டாலஸில் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டபோது, அவருக்கு விளக்குவதற்காக என் சொந்தத் தாக்கலைத் திறந்தேன். பிப்ரவரியில் அனுப்பி ரீஃபண்டும் வாங்கிவிட்ட 2023ஆம் ஆண்டுத் தாக்கலில், அந்த ஆண்டு முழுவதும் மதுரையை விட்டு நகராத என் அப்பா, அம்மா இருவருடைய பெயர்களும் இருந்தன.

அதற்கு முந்தைய ஆண்டு அவர்களைக் காட்டியதில் பிழை இல்லை. 2022 மார்ச் 1 அன்று பி-2 என்ற சுற்றுலா விசாவில் வந்தவர்கள் ஆகஸ்ட் 31 வரை, 184 நாள்கள், எங்களோடு இருந்தார்கள். 183 நாள் கணக்கைத் தாண்டியதால் அந்த ஆண்டுக்கு மட்டும் வரிச் சட்டத்தின் பார்வையில் இந்நாட்டுவாசிகள் ஆனார்கள். டபிள்யூ-7 விண்ணப்பத்தின் வழியே ஐ.டி.ஐ.என். என்ற வரி அடையாள எண்ணும், ஆளுக்கு 500 டாலர் வரிச்சலுகையும் கிடைத்தன. மறு ஆண்டு மென்பொருள் பழைய விவரங்களை அப்படியே கொண்டுவந்து காட்ட, மாதாமாதம் பணம் அனுப்பும் மகன் என்ற நினைப்பில் நானும் ஆம் என்று அழுத்திவிட்டேன்.

டிபென்டன்ட் என்ற இந்த ஒரு சொல் நம்மவர்களை எவ்வளவு குழப்புகிறது! சென்னையில் வேலை பார்த்தபோது கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் பெற்றோர் டிபென்டன்ட். இங்கே எச்-4 விசாவில் வந்த மனைவியை டிபென்டன்ட் என்கிறோம், ஆனால் வரித் தாக்கலில் மனைவி ஒருபோதும் டிபென்டன்ட் ஆவதில்லை. பெற்றோரின் செலவில் பாதிக்கு மேல் நான் ஏற்பதும், ஒவ்வொருவரின் ஆண்டு வருமானமும் 2023க்குரிய 4,700 டாலர் வரம்புக்குள் இருப்பதும் மட்டும் போதாது. அவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவோ, வரிச் சட்டப்படி இந்நாட்டுவாசிகளாகவோ, கனடா அல்லது மெக்சிகோவில் வசிப்பவர்களாகவோ இருக்க வேண்டும். மதுரையில் இருப்பவர்களை எவ்வளவு தாங்கினாலும் இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது.

திருத்துவதற்கான படிவம் 1040-எக்ஸ். முதலில் தந்த தொகை, மாற்றம், சரியான தொகை என்று அதில் மூன்று நெடுவரிசைகள். பெயர்களை நீக்கியதும் 1,000 டாலர் சலுகை மறைந்து, அதே தொகை நான் கட்ட வேண்டிய வரியாக வந்து நின்றது. வரித்துறையிடமிருந்து கடிதம் வரும்வரை காத்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனெனில் ஏப்ரல் 15 முதலே ஆண்டுக்கு 8 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருந்தது, தவற்றை அறிந்த பின்னும் பேசாமல் இருப்பது நேர்மையும் ஆகாது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் இந்த ஒரு திருத்தத்தோடு வேலை முடிந்தது. நியூ ஜெர்சி போன்ற மாநிலத்தில் இருப்பவர்கள் மாநிலத் தாக்கலையும் பார்க்க வேண்டும்.

காரணம் எழுதும் இடத்தில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். தந்தையும் தாயும் 2023இல் ஒரு நாள்கூட அமெரிக்காவில் இல்லை, ஆகவே டிபென்டன்ட் என்று காட்டியதை நீக்குகிறேன் என்று இரண்டே வரியில் எழுதி, வரியையும் வட்டியையும் இணையத்தில் கட்டிவிட்டு அனுப்பினேன். அன்றிரவே நண்பரைக் கூப்பிட்டு, அவருடைய பெற்றோர் எந்தத் தேதியில் வந்தார்கள், எந்தத் தேதியில் திரும்பினார்கள் என்பதைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதி வைக்கச் சொன்னேன்.