எட்டு வாரம் வளர்த்தவை தாயின் செல்கள்

நஞ்சுக்கொடியிலிருந்து ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களைப் பிரிக்கும் வேலையில் என் முதல் ஐந்து மாதங்கள் கோப்புகளுக்கே போயின. மனித நெறிமுறைக் குழுவின் அனுமதி ஒன்றே போதும் என்று அலுவலகத்தில் சொன்னதை நம்பியதால், 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல்கள்படி ஸ்டெம் செல் ஆய்வுக்கான நிறுவனக் குழுவிடமும் தனியே அனுமதி பெற வேண்டும் என்பது மூன்றாம் மாதத்தில்தான் தெரிந்தது. ஒப்புதல் படிவத்தைப் பிரசவ வலியில் இருப்பவரிடம் நீட்டக் கூடாது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்ட தாய்மார்களிடம் முன்னதாகவே தமிழில் படித்துக் காட்டிப் பெற வேண்டும்.

முதல் நஞ்சுக்கொடி வந்தபோது, பெட்டியின் மூடியைத் திறந்ததுமே, திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினின் நெடி கண்ணை எரித்தது. நோய்க்குறியியல் பிரிவுக்குப் போவது என்று நினைத்து யாரோ ஊற்றிவிட்டிருந்தார்கள். அரைக் கிலோ திசு வெளுத்து விறைத்துக் கிடந்தது. அதில் உயிருள்ள செல் ஒன்றுகூட மிஞ்சியிருக்க வழியில்லை. எங்கள் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிக் கையெழுத்திட்ட அந்தத் தாய்க்கு நான் என்ன சொல்வது? அன்றிலிருந்து, எதிர்நுண்ணுயிரி கலந்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலை நிரப்பி, 'ஃபார்மலின் ஊற்ற வேண்டாம்' என்று பெரிதாக எழுதி ஒட்டிய பாட்டிலுடன் அறுவை அரங்கின் வாசலில் நானே நின்றேன்.

திசுவைக் கரைத்துச் செல்களை விடுவிக்கும் கொலாஜினேஸ் நொதியில் செரிக்க வைப்பதும் வடிகட்டுவதும் சிக்கலின்றி முடிந்தன. செல்கள் தட்டில் ஒட்டி, இரு முனையும் கூர்ந்த கதிர் வடிவில் நீண்டு, சுழல் சுழலாகப் பரவின. இவ்வகை ஸ்டெம் செல்களை அடையாளம் காட்டும் மேற்பரப்புக் குறிகளான சிடி73, சிடி90, சிடி105 ஆகிய மூன்றும் 95 விழுக்காட்டுக்கு மேலான செல்களில் இருந்தன; ரத்தச் செல்களின் குறிகளான சிடி34, சிடி45 ஏறக்குறைய இல்லை. நாங்கள் மகிழ்ந்துகொண்டிருக்கையில் என் ஆய்வு வழிகாட்டி கேட்டார்: "இவை குழந்தையின் செல்களா, தாயின் செல்களா?"

பிறந்தது ஆண் குழந்தை. ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமைத் தேடி, டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை செய்தபோது, ஜெல்லில் தெரிய வேண்டிய பட்டை இல்லை. கருப்பைச் சுவரை ஒட்டிய தாயின் திசுப் படலமான டெசிடுவாவை நான் அரைகுறையாக நீக்கியிருந்தேன். அதிலிருந்த தாயின் செல்கள் குழந்தையின் செல்களை முந்திப் பெருகியிருக்கின்றன. மேற்சொன்ன குறிகளோ இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

இதில் இறங்குவோர் தொப்புள்கொடி இணையும் பக்கத்திலிருந்து திசுவை எடுங்கள். தாய்ப் பக்கத்தைத் தயக்கமின்றி வெட்டி ஒதுக்குங்கள். மூலத்தைச் சோதிக்க எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம், முதல் பாசேஜிலேயே, அதாவது செல்களை முதன்முறை புதுத் தட்டுக்கு மாற்றும்போதே செய்துவிடுங்கள். பெண் குழந்தை என்றால், ஆளுக்கு ஆள் மாறும் டிஎன்ஏ பகுதிகளை ஒப்பிடும் எஸ்டிஆர் சோதனைதான் வழி. அதற்குத் தாயின் ரத்த மாதிரி வேண்டும் என்பதால், அதையும் ஒப்புதல் படிவத்தில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரியைச் சேர்க்க நான் மறுபடியும் குழுவின் முன் நிற்க வேண்டியதாயிற்று.

அடுத்து வந்த ஆண் குழந்தையின் நஞ்சுக்கொடியில் அந்தப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. நோயாளிக்குச் செலுத்துவதென்றால் அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுச் சோதனைக்குள் (கிளினிக்கல் ட்ரயல்) மட்டுமே முடியும். அதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. இப்போதைக்குப் பன்னிரண்டு குப்பிகள் திரவ நைட்ரஜனில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் யாருடைய செல் என்று உறுதி செய்யப்பட்டவை.